சிரித்தவர்களின் பெயர்கள்

லுகோங்கிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அப்படி ஒன்று இருப்பது கின்சார் ஊரில் மாவட்ட அதிகாரிக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியாது என்று ஊரார் சொல்லிக்கொள்வார்கள். அந்த வருஷம் மழை பிடிக்கும்வரை எல்லோரும் அதை நம்பினார்கள். எல்லோரையும்விட அதிகமாக நம்பியவர் லுகோங்தான்.

டப்பா நிறையப் படங்கள். லுகோங் அந்த ஊரின் ஒரே புகைப்படக்காரர். சந்தைக்கு எதிரே 'ஸ்வீட் ஃபேஸ் ஸ்டூடியோ' என்று பலகை மாட்டி இருபத்தாறு வருஷமாகக் கடை நடத்துகிறார். கொடியேற்றம், அணிவகுப்பு, மந்திரி வருகை, எதுவானாலும் மேடைக்குக் கீழே முழங்காலில் கிடப்பார். பெரிய மனிதர்கள் விறைப்பாக நிற்கும் படங்கள் அவரவர் வீட்டுச் சுவருக்குப் போகும். விறைப்பு ஒரு நொடி கழன்று விழுந்த படங்கள் டப்பாவுக்குப் போகும். பாதிரியார் ஜெபம் சொல்லும்போது எண்ணெயில் பொரித்த ஒரு முழு பஃப்பஃப் மாவுருண்டையை வாயில் அடக்கிக்கொண்டு, கன்னம் உப்ப, பக்தியோடு கண்மூடி நிற்கும் முன்னாள் மந்திரி. மேடையில் வாய் பிளந்து தூங்கும் கட்சித் தலைவர், அவர் கீழுதட்டில் நிதானமாக உட்கார்ந்திருக்கும் ஈ. காற்றில் பறக்கும் மாவட்ட அதிகாரி மனைவியின் பொய்முடி, அதைத் துரத்தும் இரண்டு காவலர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளுநரும் ஆடும். ஊர் காணிக்கையாகக் கொடுத்த ஆடு ஆளுநரின் உரையைத் தின்கிறது. காகிதத்தின் ஒரு முனை ஆட்டின் வாயில், மறுமுனை ஆளுநரின் கையில். யார் விடப்போகிறார்கள் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கட்சி ஒன்றே ஒன்றுதான் இருந்த காலம் அது. ஆகவே லுகோங்கைப் பெரிய வீரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாவட்ட அதிகாரியின் வண்டியைக் கண்டால் ஊரிலேயே அதிகமாகக் குனிகிற முதுகு அவருடையது. வாரமெல்லாம் குனிந்த முதுகு சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் நிமிரும். தையல்காரர் விர்பா சுரைக்குடுக்கையில் கள் கொண்டுவருவார். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு டப்பாவைத் திறப்பார்கள்.

"யானைக்கும் அடி சறுக்கும்டா லுகோங். ஆனா சறுக்கற நேரம் பாத்து நீ அங்க நிக்கற பாரு, அதுதான் வித்தை" என்று விர்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வார். லுகோங்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை முதல்முறை கேட்பவர்போல் வெட்கப்படுவார்.

அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. விழாவில் எடுத்த படங்களைக் கழுவி, உலர்த்தி, கடைவாசலில் கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். தன் முகத்தைத் தேடி ஊரே வரும். வராதவர்களைத் தேடிப் படம் போகும். அதற்காக ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அதில் இருப்பவர்களின் பெயரையும் தெருவையும் பென்சிலால் மெல்ல எழுதிவைப்பார் லுகோங். பெயர் இல்லாத படம் தாய் இல்லாத பிள்ளை என்பார். பெரிய மனிதர்களின் பெயரை எழுதுவதில்லை, அவர்களைத்தான் நாட்டுக்கே தெரியுமே. எழுத வேண்டியது மற்றவர்களைத்தான். மேடைக்குப் பின்னால் நிற்பவர்கள், குடை பிடிப்பவர்கள், கைதட்டுபவர்கள். படம் காய்ந்ததும் அவர் கை தானாகவே அதைத் திருப்பும், பென்சில் தானாகவே ஓடும். டப்பாவுக்குள் போகும் படமா, சுவருக்குப் போகும் படமா என்று அந்தக் கை கேட்டதே இல்லை.

மழைக்கு முன்பு ஊருக்குக் குழாய் வந்தது. தண்ணீர் இன்னும் வரவில்லை, குழாய் மட்டும் வந்தது. திறந்துவைக்க மந்திரியே வந்தார். குழாயடியில் கல்வெட்டு வைத்து, அதன்மேல் மூங்கில் சட்டம் கட்டி, நாட்டுத் தலைவர் முகம் அச்சிட்ட கட்சித் துணியைப் போர்த்தியிருந்தார்கள். அதே துணியை உடுத்திக்கொண்டு மகளிர் அணி இரண்டு வரிசையாக நின்றது. சம்பளம் அரசாங்கத்தினுடையது என்றால் அந்த வரிசையில் நிற்காமல் தப்பிக்க முடியாது. லுகோங்கின் மகள் ஒடிலியாவும் நின்றாள். தாய் இல்லாமல் அவர் கையிலேயே வளர்ந்த பெண். ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்து நான்கே மாதம் ஆகியிருந்தது.

மந்திரி கயிற்றை இழுத்தார். துணி வரவில்லை. புன்னகை மாறாமல் இன்னொருமுறை இழுத்தார். மூன்றாம் முறை ஆத்திரத்தோடு இழுத்தபோது துணி, மூங்கில், கயிறு எல்லாம் சேர்ந்து அவர் தலைமேல் வந்து விழுந்தன. உச்சிவெயிலில் துணிக்குள்ளிருந்து மந்திரியின் குரல் கேட்டது.

"விளக்கை எவன்டா அணைச்சது?"

கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. மந்திரி துணிக்குள் கைகளை வீசிக்கொண்டு இப்படியும் அப்படியும் தடுமாறினார். அந்தப் பக்கத்து ஊர்களில் உடம்பு முழுக்கத் துணி போர்த்திய முகமூடி ஆட்டம் வெளியே வரும்போது பெண்கள் பார்க்கக் கூடாது, குனிந்து முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும். முன்வரிசையில் நின்ற பஃப்பஃப் விற்கும் கிழவி மா கிலா, அறுபது வருஷப் பழக்கத்தில், சடாரென்று குனிந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் நின்ற பெண்களால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

மந்திரியோடு வந்த அதிகாரபூர்வப் புகைப்படக்காரர்கள் கேமராவைக் கீழே இறக்கி வேறு பக்கம் பார்த்தார்கள். லுகோங்கின் விரல் மட்டும் அழுத்திவிட்டது.

இரண்டு நாள் கழித்து இருட்டறையில் அந்தப் படம் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வந்தபோது லுகோங் உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு வருஷமும் இந்த ஒரு படத்துக்காகத்தான் என்று அவருக்குத் தோன்றியது. நடுவில் துணிப்பொதியாக மந்திரி, பொதியின்மேல் தலைவரின் முகம் கோணலாக. முன்னால் குனிந்த கிழவி. பின்னால் வரிசையாக ஏழு பெண்கள், ஏழு வாயும் திறந்தபடி. நடுவில் ஒடிலியா, கடைவாய்ப் பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். படம் காய்ந்தது. கை அதைத் திருப்பியது. பென்சில் ஓடியது: எமெரென்சியா, தையல்காரர் தெரு. பெர்பெத்துவா, ஆஸ்பத்திரி மேடு. முகம் தெரியாத கிழவியை விட்டுவிட்டு, இப்படி ஆறு பெயர். ஏழாவதை எழுத வேண்டிய அவசியம் இல்லை. தன் வீட்டில் சோறு தின்கிற பிள்ளைக்கு யார் விலாசம் எழுதுவார்கள்?

முதல் மழை விழுந்த செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஒருவர் கடைக்குள் வந்தார். நனைந்த மழைக்கோட்டை வாசலிலேயே கழற்றி, உதறி, ஆணியில் மாட்டினார். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடி, மிருதுவான குரல். பெயர் எப்பியே என்றார். பழைய காப்பிக் கிடங்குக்குப் பின்னால் பச்சைக் கதவு போட்ட வீட்டில் இருப்பதாகச் சொன்னார். அந்த வீட்டுக்குப் பலகை கிடையாது. எந்த அலுவலகம் என்று யாரும் கேட்டது கிடையாது. லுகோங் நாற்காலியை இரண்டுமுறை துடைத்துப் போட்டார்.

"பாஸ்போர்ட் அளவுல ஒரு நாலு படம் வேணும், பா லுகோங். சிரிக்காம எடுங்க."

அந்த ஊரில் பெரியவர்களைப் 'பா', 'மா' என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். எடுத்து முடிந்ததும் அவர் எழுந்துகொள்ளவில்லை. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார்.

"சனிக்கிழமை டப்பான்னு ஒண்ணு இருக்காமே. நானும் கொஞ்சம் பாக்கலாமா?"

"டப்பாவா... எந்த டப்பா சார்..."

"பயப்படாதீங்க. நானும் உங்களை மாதிரிதான். படம் சேத்துவைக்கற பைத்தியம்."

இல்லை என்று சொல்லிப் பயனில்லை. லுகோங் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். எப்பியே முதல் படத்தை எடுத்தார். பஃப்பஃப் மந்திரி. அவர் உதடு கோணியது. இரண்டாவது, ஈ. தோள் குலுங்கியது. ஆட்டுக்கு வந்தபோது மனிதர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு ஜெயிச்சது? ஆடா, ஆளுநரா?"

"ஆடுதான் சார். ரெண்டு பக்கம் தின்னுடுச்சு. ஆளுநர் மூணாவது பக்கத்துலேருந்து பேசினாரு, யாருக்கும் வித்தியாசம் தெரியல."

எப்பியே மறுபடி விழுந்து விழுந்து சிரித்தார். லுகோங்கின் பயம் வெயில் பட்ட பனிபோல் போய்விட்டது. மனுஷன் நம்ம ஆள்தான், பச்சைக் கதவுக்குப் பின்னால் இருந்தால் என்ன, சிரிக்கத் தெரிந்தவன் கெட்டவனாக இருக்க முடியுமா என்று நினைத்தார். சேர்த்துவைக்கிறவனுக்கு இருக்கும் ஒரே வியாதி, காட்ட வேண்டும் என்பதுதான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? டப்பாவில் இல்லாத படத்தை, சுவர்க் கண்ணாடிக்குப் பின்னால் தனியாக ஒளித்துவைத்திருந்த படத்தை, அந்த மடையர் தானே போய் எடுத்துக்கொண்டுவந்தார்.

"இதைப் பாருங்க சார். இது இன்னும் யாரும் பாக்காதது."

எப்பியே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. பிறகு படத்தைத் திருப்பினார்.

"எமெரென்சியா, தையல்காரர் தெரு" என்று மெல்லப் படித்தார். "பெர்பெத்துவா, ஆஸ்பத்திரி மேடு." ஆறு பெயரையும் ஜெபம் சொல்வதுபோல் படித்தார். மறுபடி திருப்பி முகங்களை விரலால் எண்ணினார்.

"ஆறு பேரு. ஏழு மூஞ்சி."

அந்த நேரம் பார்த்துத்தான் பின்கதவு திறந்தது. பள்ளி விட்டு வந்த ஒடிலியா, விருந்தாளி இருப்பதைப் பார்த்து, வழக்கப்படி தட்டில் கோலாக் கொட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். எப்பியே படத்தை மேசைமேல் வைத்தார், முகங்கள் மேலே தெரிய. ஒரு கொட்டையை எடுத்து உடைத்தார்.

"நல்லா இரும்மா" என்றார்.

ஒடிலியா உதட்டை மூடிக்கொண்டு தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். எப்பியே அவளை நிமிர்ந்துகூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. கோலாவை மென்றுகொண்டே, "யாரு இந்த ஏழாவது?" என்று கேட்டார்.

"தெரியல சார்."

"முதுகைப் பாத்தே ஆளைச் சொல்லிடுவீங்கன்னு ஊருல சொன்னாங்களே."

"புதுசா வந்த பொண்ணு போல... இந்த வாய் வேற இப்படித் திறந்திருக்கா, அடையாளம்..."

"சரி. யோசிங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிச்சு, நீங்களே வந்து உங்க கையால எழுதிக் குடுங்க. உங்க எழுத்து அழகா இருக்கு." அவர் எழுந்து மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டார். குழாயடிப் படத்தை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"இந்த டப்பா, சார்?"

"அது உங்ககிட்டயே இருக்கட்டும். பெரியவங்க விழுந்தா என்ன, விழாதவன் யாரு? அதை நான் சேக்கறதில்ல." வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். "யாரு பாத்துச் சிரிக்கறாங்கன்னுதான் நான் சேக்கறேன்."

மறுநாள் பெர்பெத்துவாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். சின்ன விசாரணை, அரை மணி நேரம் என்றார்கள். அவள் கொடியில் காயப்போட்டிருந்த துணிகள் மழையில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தன. வியாழக்கிழமை காலை மேலும் மூன்று பேர் போனார்கள். ஒருத்தி மட்டும் அன்றே திரும்பினாள். என்ன கேட்டார்கள் என்று யார் கேட்டாலும் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை இருட்டுவதற்கு முன் விர்பா வந்தார். கையில் சுரைக்குடுக்கை இல்லை. உட்காரவும் இல்லை.

"எம் பொண்ணு எமெரென்சியாவைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

லுகோங் தலை நிமிரவில்லை.

"நான் கதவாண்ட நின்னுட்டிருந்தேன். வந்தவன் கையில ஒரு காயிதம். அதைப் பாத்துப் படிக்கறான், 'எமெரென்சியா, தையல்காரர் தெரு'ன்னு. எங்க தெருவை யாருடா அப்படிச் சொல்றாங்க? சந்தைக்காரங்க புளியமரத்தடின்னு சொல்வாங்க. சர்ச்சுல மூணாவது வட்டம்னு சொல்வாங்க. தையல்காரர் தெருன்னு எழுதறவன் இந்த ஊருலயே ஒருத்தன்தான்."

"விர்பா, நான் வேணும்னு..."

"தெரியும். நீ வேணும்னு பண்ணிருந்தா உன்னை அடிச்சிருப்பேன். அடிக்கறதுக்குக்கூட வழியில்லாமப் பண்ணிட்டியே." விர்பா கயிற்றில் தொங்கிய படங்களைப் பார்த்தார். "உம் பொண்ணு பேரை எழுதிருக்கியா?"

"இல்ல."

"அதானே" என்று சொல்லிவிட்டுப் போனார். லுகோங்குக்கு அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை. அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார்.

ஒடிலியாவிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி அவள் சோளக்களியும் கீரையும் போட்டாள். ஐந்து பேர் போய்விட்டார்கள், என்னையும் கூப்பிடுவார்கள் போல என்று சொன்னாள். கூப்பிட மாட்டார்கள் என்றார் அவர். எப்படித் தெரியும் என்று கேட்டாள். படத்தில் நீ இல்லை என்றார். மகளிடம் சொன்ன முதல் பொய் அது. களியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை விடியும்போது அவருக்கு ஒரு யோசனை கிடைத்திருந்தது. மா கிலாவின் மகள் ரெலிண்டிஸ். ஒடிலியாவின் வயது, ஒடிலியாவின் உயரம், இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். போன வருஷம் வியாபாரம் பார்க்கிறேன் என்று எல்லை தாண்டிப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். பச்சைக் கதவின் கை எவ்வளவு நீளமானாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் எட்டாது. இங்கே இல்லாதவளுக்கு என்ன கெடுதல் வந்துவிடும்? யாருக்கும் வலிக்காத பொய் இது என்று தனக்குத் தானே மூன்றுமுறை சொல்லிக்கொண்டார். சுயநலம் இப்படித்தான், எப்போதும் யாருக்கும் வலிக்காது என்று சொல்லிக்கொண்டேதான் வரும்.

பச்சைக் கதவுக்குள் எப்பியே படத்தைக் கவிழ்த்துவைத்துப் பென்சிலை நீட்டினார். லுகோங் எழுதினார்: ரெலிண்டிஸ், சந்தைச் சதுக்கம்.

"ஊருலதான் இருக்காளா?"

"விழாவுக்குன்னு வந்தா சார். மறுநாளே எல்லை தாண்டிப் போயிட்டா."

"அப்படியா" என்றார் எப்பியே. "ரொம்ப நன்றி, பா லுகோங்." பாஸ்போர்ட் படங்கள் நன்றாக வந்திருந்ததாகவும் சொன்னார்.

சனிக்கிழமை யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் லுகோங் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் ஒடிலியா பள்ளியிலிருந்து பாதியில் ஓடிவந்தாள். சாக்பீஸ் கையோடு அப்படியே வந்திருந்தாள்.

"ப்பா, மா கிலாவைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எண்ணெய்ச் சட்டி அடுப்பு மேலயே கொதிச்சிட்டிருக்கு. பிள்ளைங்க வந்து சொல்லுதுங்க."

லுகோங் எழுந்தார், உட்கார்ந்தார்.

"ரெலிண்டிஸ் எங்கன்னு கேட்டாங்களாம். வந்தவளை எல்லை தாண்டி ஓட வச்சது நீதானேன்னு கேட்டாங்களாம். ரெலிண்டிஸ் எங்கப்பா வந்தா? போன வருஷம் போனவ கிறிஸ்துமஸுக்கே வரலையே." அவள் பேச்சு நின்றது. அப்பாவின் முகத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரார் முகத்தையெல்லாம் ஆயுள் முழுக்கப் பார்த்தவருக்குத் தன் முகத்தை ஒளித்துவைக்கத் தெரியவில்லை.

"படத்துல நான் இருக்கேனா?" என்று கேட்டாள்.

அவர் அழ ஆரம்பித்தார். அவள் சாக்பீஸை மேசைமேல் வைத்தாள். கையை உடையில் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"ஒடிலியா, போகாதே! உன் காலைப் பிடிக்கறேன். அவ கிழவி, விட்டுடுவாங்க. உன்னை விட மாட்டாங்க."

"மா கிலா கையில மாவு இருந்துச்சாம் ப்பா. கழுவக்கூட விடலையாம்" என்றாள். படியிறங்கி மழைக்குள் நடந்தாள். லுகோங் வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்ட அதே பூவேலை அங்கியை, அதிகாரிகளைப் பார்க்கப் போகும்போது போடும் நீள அங்கியை, மாட்டிக்கொண்டு மழையில் அவள் பின்னால் ஓடினார்.

பச்சைக் கதவுக்குள் ஒரு கூடம். சுவரோரப் பெஞ்சில் மா கிலா உட்கார்ந்திருந்தாள். விரல்களில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலன் நின்றான். எப்பியே மேசைக்குப் பின்னால் எழுதிக்கொண்டிருந்தார்.

"அது என் வாய், சார்" என்றாள் ஒடிலியா. "ஏழாவது நான்தான். ரெலிண்டிஸ் ஊருக்கே வரல. மா கிலாவை விட்டுடுங்க."

எப்பியே பேனாவை மூடினார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"கோலாக் கொட்டை குடுத்த பொண்ணு" என்றார். "எனக்கு அன்னிக்கே தெரியும்மா. காது மடலும் நெத்தியும் மாறாது. ஆனா எனக்குத் தெரியறது வேற, காயிதத்துல இருக்கறது வேற. காயிதத்துல ரெலிண்டிஸ்னு எழுதிருக்கு. உங்கப்பா கையெழுத்து."

"நான் பொய் சொன்னேன் சார்" என்று லுகோங் தரையில் விழுந்தார். "என்னை எடுத்துக்குங்க. படம் எடுத்தது நான். சிரிப்பு மூட்டினது என் படம். அவ சின்னவ."

"பொய் சொன்னவர் சொல்றதை வச்சு நான் எப்படி அடிச்சு எழுதறது?" எப்பியே படத்தை எடுத்து ஒடிலியாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். இங்கும் அங்கும் பார்த்தார். "ஒத்து வரலையே. இதுல இருக்கறவ சிரிக்கறா. நீ இப்படி நின்னா நான் எதை ஒத்துப் பாக்கறது? சிரிம்மா."

ஒடிலியா உதட்டைப் பிரித்தாள். பல் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. அது பல்வலிக்காரி மருத்துவரிடம் காட்டுகிற வாயாக இருந்தது.

"இது இல்ல" என்றார் எப்பியே வருத்தத்தோடு. அவர் லுகோங் பக்கம் திரும்பினார். "பா லுகோங், இருபத்தாறு வருஷமா இதுதானே உங்க தொழிலு. சிரிக்க வைங்க."

"சார், வேண்டாம் சார்."

"அப்ப ரெலிண்டிஸாவே இருந்துட்டுப் போகட்டும். அம்மாவை வண்டியில ஏத்துப்பா."

காவலன் ஓரடி முன்னால் வந்தான். மா கிலா எழுந்து நின்றாள். எங்கே என்று கேட்கவில்லை. மாவுக் கையை மட்டும் யார்மேலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ப்பா" என்றாள் ஒடிலியா. "என்னைச் சிரிக்க வை."

"முடியாதும்மா."

"முடியும் ப்பா. சீக்கிரம்."

லுகோங் எழுந்தார். அவருக்கு எந்த வேடிக்கைப் பேச்சும் நினைவுக்கு வரவில்லை. உலகத்தில் வேடிக்கை என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது. கைதான் மறுபடியும் தானாக நகர்ந்தது. அங்கியின் கீழ்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கித் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டார். வயிறு வெளியே தெரிந்தது. உள்ளே இருட்டு, ஈரத்துணியின் வாடை. கைகளை வீசினார். இப்படியும் அப்படியும் தடுமாறினார். முழங்கால் மேசையில் இடித்தது. பெஞ்சு கவிழ்ந்தது. கண்ணீர் கன்னத்தில் வழிய, மந்திரியின் அந்தக் கனத்த குரலில், துணிக்குள்ளிருந்து கத்தினார்:

"விளக்கை எவன்டா அணைச்சது?"

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கூரைத் தகரத்தில் மழை மட்டும் கேட்டது. லுகோங் இன்னொரு சுற்றுத் தடுமாறினார், சுவரில் முட்டிக்கொண்டார், "எவன்டா?" என்று மறுபடி கத்தினார். அப்போது அது வந்தது. மூக்கில் தொடங்கி, அடக்கப் பார்த்து, அடங்காமல் உடைந்து வருகிற சிரிப்பு. நாலு வயதில் கோழி அவள் தலையில் ஏறி உட்கார்ந்தபோது சிரித்தாளே, அதே சிரிப்பு. சாகும்போது கடைசியாக அந்தச் சத்தத்தைத்தான் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் அவர் நினைத்ததுண்டு. இப்போது அது நிற்க வேண்டும், நிற்க வேண்டும் என்று துணிக்குள் நின்று கடவுளை வேண்டினார். அது நிற்கவில்லை. அழுகையும் சிரிப்புமாக வந்துகொண்டே இருந்தது.

வாசல் பக்கமிருந்து இன்னொரு சிரிப்பும் கேட்டது. தடித்த, பழக்கமில்லாத சிரிப்பு. காவலனால் அடக்க முடியவில்லை.

காகிதத்தில் பென்சில் ஓடும் சத்தம் லுகோங்குக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இப்ப ஒத்து வருது" என்றார் எப்பியே. "மா கிலா, நீங்க வீட்டுக்குப் போகலாம்."

கிழவியின் வெறுங்கால்கள் தயங்கித் தயங்கித் தரையில் தேய்ந்துகொண்டு போயின. ஒடிலியாவின் சிரிப்பு நின்றுவிட்டது. காவலனின் சிரிப்பு ஒரு நொடி பிந்தி நின்றது. நாற்காலி நகர்ந்தது. எப்பியேயின் செருப்புச் சத்தம் மெதுவாக வாசல்வரை போய் நின்றது.

"தம்பி, உன் பேரு என்ன?"

காவலன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பெயரைச் சொன்னான். ஊர் என்ன என்று எப்பியே கேட்டார். அவன் ஊரையும் சொன்னான், தெருவையும் சொன்னான்.

லுகோங் அங்கியைக் கீழே இறக்கவில்லை. இறக்கினால் ஒடிலியாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.